பித்தளைத் திருகாணி இரண்டு

முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.
சுத்தியல் வேண்டாம், ஐந்து ரூபாய்க் குற்றி போதும்.
நல்ல இடம் 'டக்' என்று திருப்பிச் சொல்லும்.
ஊறிய இடம்
'தொப்' என்று விழுங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.

முகத்துவாரத்தில், ஐஸ் அறைக்குப் பின்னால்,
கரையேற்றி முட்டுக்கொடுத்த கிங்ஸ்லி மோத்தாவின் ரோலர்.
மேல்தட்டில் முழந்தாளிட்டுத் தட்டித் தட்டி
பென்சிலால் கோடு இழுத்தேன்.
ஒரு பாய் அளவு வரும் என்று நினைத்தது.
கோடு வந்து மூடியபோது
இரண்டு பேர் கைகாலை நீட்டிப் படுக்கலாம்.

"பேருவளைக்காரன் ஏமாத்திட்டான், ஜெனிட்டா.
பச்சைப் பலகையை வச்சு மூடியிருக்கான்."
நான் ஒன்றும் சொல்லாமல் கிரைண்டரை எடுத்தேன்.

மேல்தோல் மூன்று மில்லிமீற்றர்.
அதற்குமேல் ஒரு மூச்சு ஆழம் போனாலும்
கீழ்த்தோல் கிழியும்.
கண்ணாடித் தூள் முழுக்கைச் சட்டைக்குள்ளும் போகும்.
இரவில் பக்கத்தில் படுக்க வந்த மகன்
"அம்மா குத்துது" என்று சுவர்ப்பக்கம் உருண்டான்.

மறுநாள் நிலூஷ கம்பி விட்டு நெம்ப
தோல் எழும்பியது.
முதலில் வந்தது மணம்,
மூட மறந்த தேயிலைப் பேணிக்குள் மழை பெய்ததுபோல.
பலகை என்று வைத்தது பலகையாய் இல்லை.
கரண்டியால் அள்ளினோம். ஏழு வாளி.
ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன், கறுப்பாய் ஒழுகியது.
நிலூஷ விரலில் தொட்டு நக்கினான்.
"லுனு நே, அக்கே."
உப்பே இல்லை.
மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் படகை
கரையில் நின்ற நாட்களின் மழை தின்றிருக்கிறது.

ஈரம் எங்கே தொடங்கியது என்று கறுப்பே காட்டும்.
ஓரத்தில் மங்கல், போகப் போக அடர்த்தி,
கடைசியில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு துளை.
துளைக்குள் பச்சை பூத்த பித்தளைத் திருகாணிகள்.

பேருவளைக்காரன் பித்தளை போடமாட்டான்.
இது அலுமாரிக் கீல் ஆணி.
என் வீட்டு அலுமாரி.

ஆறு வருடத்துக்கு முந்திய பெருநாள்.
படகுகளை ஆசீர்வதிக்க ஃபாதர் வர இன்னும் ஒரு மணிநேரம்.
லைட் மாலைக்குக் கம்பம் நடச் சொல்லிக் கிங்ஸ்லி கத்த,
ஆணி தேடி வீட்டுக்கு ஓடி, திரும்பி ஓடி,
பசை இல்லாமலே முறுக்கினேன்.
நாளைக்குப் பூசலாம் என்று.
அந்த நாளைக்குத்தான்
ஏழு வாளி.

ஆணிகளைக் காற்சட்டைப் பையில் போட்டேன்.

பிறகு பல்ப் கட்டிக் காயவைத்தோம், நாலு நாள்.
மூன்று மணி மழைக்கு முன் தார்ப்பாய்,
நின்றதும் மறுபடி பல்ப்.
மரைன் ப்ளைவூட்டைச் சதுரம் சதுரமாய் அறுத்து
குழைத்த ரெசினில் பதித்தேன்.
மேலே பழைய தோல். அதன்மேல் மணல் மூட்டை, பழைய பற்றரி,
போதாததற்கு நிலூஷ,
சோற்றுப் பார்சலோடு ஏறி உட்கார்ந்தான்.
வெட்டிய ஓரங்களைச் சரிவாய்த் தேய்த்து
நார்த்துணி மூன்று அடுக்கு.

கம்பம் மறுபடி வேண்டுமாம்.
இம்முறை பெருவிரல் நுழையும் அளவு குடைந்தேன்.
ரெசினால் நிரப்பி ஓர் இரவு விட்டேன்.
இறுகிய அந்தக் கல்லின் நடுவே சின்னதாய் இன்னொரு துளை.
இனி எந்த மழை இறங்கினாலும்
கல்லைத்தான் நக்கும்.

கூலி வாங்கும் மாலை
ஆணிகளை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"பேருவளைக்காரன் இல்ல. நான்."

புரட்டிப் பார்த்தார்.
குனிந்து குற்றியால் தட்டினார். டக்.
ஓரடி தள்ளி, டக்.
மூலைவரைக்கும் போய்த் தட்டிவிட்டு வந்து
ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
காசை எண்ணித் தந்தார்.

பஸ்ஸில் எண்ணினேன். நாலாயிரம் குறைவு.
இரண்டாம் முறை எண்ணவில்லை.

வீட்டில் அலுமாரிக் கதவு
ஆறு வருடமாய் ஒற்றைக் கீலில் நிற்கிறது.
கொஞ்சம் தூக்கித்தான் திறக்க வேண்டும்.