உறைக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது

எர்ஸுரூமில் ஜனவரி, மைனஸ் இருபத்தாறு.
ஜன்னலில் மலை இல்லை, பனிதான் இருக்கிறது.

என் வேலை எளிது.
பித்தப்பை போனவர்களின் கட்டிலருகே
இரண்டாம் மணி, ஆறாம் மணி, பன்னிரண்டாம் மணி
போய் நின்று கேட்பது:
பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
சும்மா படுத்திருக்கும்போது ஒன்று,
இருமச் சொல்லி இன்னொன்று.

யாருக்கு எந்த ஊசி என்பது
டாக்டர் நெர்மினின் இழுப்பறையில்
ஒட்டிய உறைகளுக்குள் இருக்கிறது.
சிலருக்கு நான்கு துளைகளின் உதட்டிலும் மருந்து.
சிலருக்கு விலாவின் விளிம்புக்குக் கீழே,
ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிப்பதுபோல
தசைக்கும் தசைக்கும் நடுவே.
சிலருக்கு முதுகில்,
மனிதனை நிமிர்த்தி வைக்கும் தசையின் அடியில்.
ஊசி படாத முதுகுக்கும் ஒரு பிளாஸ்திரி,
நான் ஊகிக்கக் கூடாதென்று.

நான் ஊகிக்கிறேன்.

ஏழாம் கட்டில் துர்சுன்
பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர்.
'பூச்சியம்' என்றார்.
இருமும்போது போர்வை அவர் கைக்குள் நசுங்கியது.
'சரி, இரண்டு.'
இரண்டு என்று எழுதினேன்.
மார்ஃபின் கருவியோ
இரவில் பத்தொன்பது முறை பொத்தானை அமுக்கினார் என்கிறது.
அது வேறு பத்தி. அதையும் எழுதினேன்.

பதினொன்றில் கெவ்ஸெர்
போனில் மருமகளுக்கு மாவு பிசையும் பதம் சொல்லிக்கொண்டே
எட்டு விரல்களைக் காட்டினாள், சிரித்தபடி.

கணக்கு வாத்தியார் ரஃபெத்:
'மூன்று புள்ளி நான்கு.'
புள்ளி கிடையாது ஐயா.
'அப்படியானால் நான்கு போடு.
மூன்று என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும்.'

மூன்று மணிக்கு ஸெலிஹா மணியடித்தாள்.
வயிறு சாது, தொப்புள் சாது.
வலது தோள்தான் கத்தியால் கீறினாற்போல் வலிக்கிறதாம்.
'வெட்டியது இங்கே,
அழுவது அங்கேயா?'

வயிற்றைக் கூடாரமாய்த் தூக்க ஊதிய காற்று,
உதரவிதானத்தைச் சீண்டிவிட்டுப் போயிருக்கிறது.
நரம்பு கடிதத்தைத்
தவறான முகவரியில் போடுகிறது.
உறைகளில் உள்ள எந்த ஊசியும்
அந்தத் தெரு வரை போகாது.

படிவத்தில் தோளுக்குக் கட்டமில்லை.
வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தேன்.
மேசையில் சிறு ஜாடியில் அவளது பதினேழு கற்கள்,
விளக்கு படும்போது கொஞ்சம் அழகாகக்கூட.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: தோள்.

மார்ச்சில் உறைகள் பிரிந்தன.
நான் அடித்துச் சொல்லியிருப்பேன்,
துர்சுனுக்கு முதுகு என்று.
துளைகளின் உதட்டில்தானாம்.
என் பதினொரு ஊகங்களில் ஏழு தவறு.

டாக்டர் நெர்மின் தாள்களைப் புரட்டியவர்
ஓரத்துப் பென்சிலில் நின்றார்.
'இது எத்தனை பேருக்கு?'

எண்ணத் தொடங்கினேன்.
பதின்மூன்றில் இருக்கும்போது
நான்காம் அறையிலிருந்து மணி.