மணிக்கு நூற்றிருபது

ஏகாம்பரம் வீதியில் பூட்டுக்கடைக்கு மேல்மாடி.
ஏழு மெசின், ஆறு கதிரை.
ஏழாவது கதிரையின் காலை
டிலுக்சன் உடைத்தான், அரையிறுதியில் தோற்ற அன்று.
காசு கேட்டேன்.
"வெண்டிருந்தா உடைஞ்சிருக்காது அக்கா" என்றான்.
அதையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவனுக்கு விளையாட்டு என்றால் ஒரு எண்.
எண் ஏறினால் எனக்கும் ஒரு சோடா வரும்.
இறங்கினால்
அவன் படியிறங்கும் வேகத்தில்
கீழே தொங்கும் பூட்டெல்லாம் ஆடும்.

சவரிமுத்து அண்ணன் கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறவர்.
லீவு நாளில் வந்து
பஸ் ஓட்டுவார்.
பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில்
ஈ காக்கை இல்லாத சந்தியில்
சிவப்பு லைட்டுக்கு நிற்பார், கை மடியில்.
ஆறு நாளும் இதுதானே அண்ணன் என்று கேட்டுவிட்டேன்.
"இதுல ஒருத்தரும் ஏறமாட்டாங்க, பிள்ள.
மிச்சக் காசு கேக்கமாட்டாங்க.
ஹபரணையில யானையும் நிக்காது."

நஸ்மியா கிண்ணியாவிலிருந்து ரியூசன் பஸ்ஸில் வருவாள்,
ரியூசனுக்குப் போகாமல்.
தோளில் வாள், இடுப்பில் துப்பாக்கி,
ஒன்றையும் தொடமாட்டாள்.
கதவு பூட்டென்றால் யன்னல்,
யன்னலும் பூட்டென்றால்
சுவரோடு சுவராய் உரசிக்கொண்டே போவாள்,
வரைந்தவன் எங்கேயாவது கண்ணயர்ந்திருப்பான் என்று.
போன கிழமை கண்டுபிடித்துவிட்டாள்.
பாறைக்குப் பின்னால் ஒரு விரிசல்.
அதற்கங்கால் கடல் இல்லை,
கடலுக்கென்று பூசிவைத்த வெறும் நீலம்.
அதற்குள் விழுந்தாள்.
இருபது நிமிடம் விழுந்துகொண்டே இருந்தாள்,
சிரித்தபடி.
அந்த இருபது நிமிடத்துக்கு நான் காசு எடுக்கவில்லை.

நெத்மினிடம் காசே இல்லை.
டிலுக்சனின் கதிரைக்குப் பின்னால் நின்று
"தகுணட, தகுணட" என்பான்.
டிலுக்சனுக்குச் சிங்களம் வராது.
ஆனாலும் வலதுபக்கம் திரும்புவான்,
அங்கே எதிரி இருப்பான்.
பார்க்கிறவனுக்கு எந்த நிரலில் கணக்கு எழுதுவது?
முதலாளியிடம் கேட்டேன்.
நிற்கிறதுக்குக் கதிரை தேவையில்லைத்தானே என்றார்.

செவ்வாய் பின்னேரம் கரண்ட் போனது.
டிலுக்சன் மின்சார சபையின் பரம்பரையைத் திட்டினான்.
நஸ்மியாவின் விரல் மவுஸிலேயே கிடந்தது.
சவரிமுத்து அண்ணன்
இருட்டில் இல்லாத பிரேக்கை இழுத்து நிறுத்தினார், பாவம்,
பயணி இல்லாத பஸ்.
துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
யாரோ மெதுவாக "தகுணட" என்றார்கள்.
நெத்மின் இல்லை, குரல் வேறு.

எட்டரைக்குக் கதவைச் சாத்திவிட்டு
மூன்றாம் மெசினில் நான்.
புதிய ஆட்டம்.
முன்னால் நட என்று எழுதும், நடப்பேன்.
திரும்பிப் பார். பார்ப்பேன்.
குனி. பாய். அந்தக் கல்லை எடு.
எடுத்ததும் ஒரு மணி அடிக்கும்:
மிக நன்று.
எனக்கு அதைச் சொன்னவர்களை
விரல் விட்டு எண்ண இந்தக் கையே அதிகம்.

பாலத்தடியோடு பயிற்சி முடியும்.
அங்காலதான் கதையாம்.
அண்ணன்காரனைக் கூட்டிக்கொண்டு போவார்களாம்,
படத்தைக் கையில் பிடித்தபடி
ஊர் ஊராய்க் கேட்டுத் திரிய வேண்டுமாம்.
டிலுக்சன் சொன்னான், நல்ல கிராபிக்ஸாம்.
அம்மா பதினேழு வருடமாய் அந்தக் கட்டத்தில்தான் நிற்கிறா.

பாலத்தில் கால் வைக்காமல் வெளியே வந்து
மறுபடி புதிய ஆட்டம்.
முன்னால் நட.
நடக்கிறேன், இன்றைக்கு நாலாவது தடவை,
நன்றாகவே நடக்கிறேன்.

பிறகு கொப்பியில்:
நிரோஷிகா, அரை மணி, அறுபது ரூபாய்.
சொந்தக் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்கினால்
பூட்டுக்கடை வாசலில் ஒரு மான்
அட்டைப்பெட்டி தின்றுகொண்டு நிற்கிறது.
விலகவில்லை.
நான்தான் சுற்றிக்கொண்டு போனேன்.