நாலாம் கல்

உறுதியில் ஈச்சங்கொல்லை என்று பெயர்.
இளவாலையில் பதினொரு பரப்பும் ஆறு குழியும்.
நாலு பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டும்:
ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் ரொறன்ரோவில்,
ஒருவர் வெள்ளவத்தையில்.
ஒருத்தி எங்கே என்று
மற்ற மூவரும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு வருசம் ஆள் மிதியாத காணி.
வேலிக் கிளுவை மரமாகி நின்றது.
கிணற்றுக்குள் முளைத்த ஆல்
கட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தது.
கபிரியேல் கத்தியோடு முன்னே,
நான் நாடாவோடு பின்னே.
முதற் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல்
சொன்ன இடத்தில் கிடந்தன.
நாலாம் கல்லில்
நாயுருவிப் பற்றை சீறியது.

பாம்பென்று பின்னால் பாய்ந்தான் கபிரியேல்.
பாம்பில்லை,
வான்கோழிப் பேடு.
காய்ந்த ஓலை நிறத்தில்
நிலத்தோடு நிலமாய்த் தட்டையாகி,
கழுத்தை உள்ளிழுத்து,
ஒற்றைக் கண்ணால்
எங்களை அளந்துகொண்டிருந்தது.

"செலஸ்ரீனாக்காவின்ரை" என்றான் மூச்சு வந்த பிறகு.
மூன்று நத்தாருக்கு முன்
கூட்டைத் திறந்த கைக்கு மேலால்
மதில் தாண்டிப் போனவையாம்,
இரண்டு பேடும் ஒரு சேவலும்.
மிளகும் உள்ளியும் அரைத்து வைத்த வீட்டில்
அன்றைக்கு மீன் சொதி.
பிறகு எத்தனையோ பேர் வலையோடு வந்தார்கள்.
அக்காவே சொல்லிவிட்டாவாம்:
"இனிப் பிடிச்சுத் திண்டாலும் செமிக்காது."

ஒஸ்லோக்காரர் அழைத்தார்.
அளக்க எத்தனை நாள் செல்லும்?
"இருபத்தெட்டு" என்றேன்.
கபிரியேல் என்னைப் பார்த்தான்.
"அடையிலை எப்ப ஏறினதெண்டு ஆருக்குத் தெரியும்?"
"இண்டைக்கெண்டு வைப்பம்."
புத்தகத்தில் எழுதினேன்:
நாலாம் கல் — அணுக இயலாது.

பத்தொன்பதாம் நாள்
மாதகலுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினேன்.
கோதுகள்.
மண்புள்ளி போட்ட முட்டை இரண்டு,
பொரியாமல், கல்லைப் போலக் குளிர்ந்து.
அப்பால் எருக்கலைக்குள் புல் அசைந்தது.
ஒன்றல்ல, இரண்டு பேடுகள்.
முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று,
நடுவில் பதினாலு குஞ்சு.
எது எதனுடையது என்று
அவையும் பார்க்கவில்லை.

பருந்தின் நிழல் புல்லில் வழுக்கியது.
பேடு தொண்டைக்குள் ஒரு சொல் சொன்னது.
பதினாலும் இல்லை.
என் செருப்பு நுனியில்
ஒரு மண்கட்டி மூச்சு விட்டது.
காலைத் தூக்கவும் பயம், வைக்கவும் பயம்.
கொக்கைப் போல
எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அந்த வெள்ளி இரவு
யாரும் எதிர்பாராத மழை.
குஞ்சு நனைந்தால் பிழைக்காது என்பார்கள்.
விடிய ஒரு பேடு சிறகை விரித்தபடியே
கிணற்றடியில் இருந்தது.
அது எழும்பியபோது ஐந்து எழும்பின.
மற்றதற்குக் கீழிருந்து நாலு.
கோழிக்கு எண்ணத் தெரியாதாம்.
எண்ணத் தெரிந்த நான்
மூன்று தரம் எண்ணினேன்.
அவை வெட்டுக்கிளி பிடிக்கப் போய்விட்டன.

இருபத்தெட்டாம் நாள் கயிறு கட்டினோம்.
கயிற்றின் கீழால் புகுந்து
ரொறன்ரோக்காரரின் பங்கில் மேய்ந்து,
வெள்ளவத்தைக்காரரின் பங்கில் மண் குளித்து,
பொழுதுபட
வேலிக் கிளுவையின் தாழ்ந்த கிளைக்கு
ஒவ்வொன்றாய்த் தாவிப் பார்த்தன.
ஒன்று மட்டும் நாலு தரம் விழுந்தது.
"விடு, ஏறும்" என்றான் கபிரியேல்,
நான் ஒன்றும் சொல்லாமலே.

வரைபடம் கீறுகிற இரவு
தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்.
தன் பங்கு எது என்று கேட்கவில்லை.
"அந்தக் கிணறு இருக்கோ?"
"இருக்கு. ஆல் முளைச்சுப் போச்சு."
"வேறை என்ன இருக்கு?"
நாலாம் கல்லிலிருந்து தொடங்கினேன்.
இடையில் ஒருமுறையும் குறுக்கிடவில்லை.
முடிய, கொஞ்ச நேரம் பொறுத்து,
"ஒன்பதெண்டோ சொன்னனீங்கள்?"
"இண்டைக்குக் காலமை ஒன்பது."
"இப்ப அங்கை மழையோ?"
யன்னலைத் திறந்து
கையை வெளியே நீட்டினேன்.