ஜன்னல் வைத்த கடித உறை

இரவு இரண்டு நாற்பது.
ஹாகன் கடித நிலையத்தில் இடைவேளை.
பட்டை நின்றுவிட்டது,
காதுக்குள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
ரொட்டியை இடக்கையில் பிடித்தபடி
ஃபோனைத் திறந்தேன்.

மதிப்புக்குரிய வாடிக்கையாளரே,
உங்கள் வரி மீளளிப்பு 748.15 யூரோ தயார்.
நள்ளிரவுக்குள் உறுதிப்படுத்துங்கள்.

எந்த நள்ளிரவு?
ஒன்று போய்விட்டது.
மற்றது வர இருபத்தொரு மணி நேரம் கிடக்கிறது.
ஆனாலும் விரல் போனது,
நகம் கண்ணாடியில் படும் அளவுக்கு.

காத்திருந்தவள் அல்லவா நான்.
லூடென்ஷைட்டிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர்,
இருநூற்றுப் பதினான்கு இரவுகள்,
மகளின் பின்னேரக் காப்பகக் காசு,
இரும்பு முனை வைத்த சப்பாத்து ஒரு சோடி,
எல்லாவற்றையும் சமையலறை மேசையில் கூட்டிக் கழித்து
412.40 என்று எழுதிக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன்,
ஏப்ரலில்.
இப்போது ஆவணி. தாளின் ஓரம் சுருண்டுவிட்டது.

முந்நூற்று முப்பத்தைந்து யூரோவும் சில்லறையும் கூட.
அந்தக் கூடுதல்தான் கையைப் பிடித்து நிறுத்தியது.
இந்த நாட்டில் யாரும் எனக்கு
நான் கேட்டதைவிடக் கூடத் தந்ததில்லை.

பக்கத்திலிருந்து ஸ்லாவிட்சா எட்டிப் பார்த்தாள்.
போன மாசியில் அவளுக்கும் இப்படித்தான் ஒன்று வந்தது.
அட்டை எண் கேட்டது, கொடுத்தாள்.
பேந்து வங்கியின் ஆறு இலக்கம் கேட்டது, அதையும்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒரே ஒருமுறை சொன்னாள், திரும்பிச் சொல்லவில்லை.
இப்போதெல்லாம் ஃபோனைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான்
பட்டைக்கு வருகிறாள்.
"ரொட்டியைச் சாப்பிடு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

எல்ஸ்டர் என்பது இங்கே ஒரு பறவை.
கறுப்பும் வெள்ளையும், நீள வால்.
மினுங்குவதைத் திருடும் என்று பேர் எடுத்தது.
அதன் பெயரைத்தான்
வரிக்கணக்குத் தளத்துக்கு வைத்திருக்கிறார்கள்,
யார் யோசித்தார்களோ.
விடிந்தபின் வீட்டுக்கு வந்து
வந்த இணைப்பைத் தொடாமல்
முகவரியை எழுத்தெழுத்தாய் நானே தட்டி
அந்தப் பறவையின் கூட்டுக்குள் போனேன்.
கிடைத்தது, என்றிருந்தது.
அதே சொல், ஏப்ரலில் இருந்து.

அழைத்தேன்.
வரிசையில் நீங்கள் பதினோராவது.
தேத்தண்ணி ஆறி, ஆடை கட்டி,
நான் அதைக் குடித்தும் முடித்தபின்
ட்ரோகெ என்று ஒருவர்.
"கோப்பு வேலையில் இருக்கிறது. கடிதம் வரும்."
குறுஞ்செய்தி?
மூச்சுக்குள் சிரித்தார்.
"அவ்வளவு வேகமாக நாங்கள் எதையும் செய்வதில்லை,
ஃப்ராவ் கர்ட்டி... கர்ட்டிகேசு."

கார்த்திகேசு என் அப்பா.
இங்கே அவர்தான் கதவு மணியில், சம்பளத் தாளில்,
மருந்துக்கடைப் பையில்.
ட்ரோகெ அவரை மூன்று துண்டாக உடைத்தார்,
பின்பு கவனமாகப் பொருத்தப் பார்த்தார்.
பொய்க்கு என் பெயர் தெரியாது.
மெய் அதைப் பிழையாகச் சொல்லும்.

செய்தியை அழித்தேன். எண்ணைத் தடுத்தேன்.
திரைகளை இழுத்துவிட்டுத் தூங்கினேன்.

மூன்று கிழமை கழித்து,
சாம்பல் நிறம், ஜன்னல் வைத்தது.
389.02.
சப்பாத்துக்கு இல்லையாம்.
அதை வேலைத்தலமே தரவேண்டுமாம்,
சட்டப்பிரிவு எண் போட்டு எட்டு வரி.
எதிர்க்க ஒரு மாதம் தவணை.
எட்டு வரியையும் அகராதி வைத்து வாசித்தேன்.
கோபம் வரும் என்று நினைத்தேன்.
குளிர்பெட்டித் தாளில் பழைய எண்ணை வெட்டி
புதியதை எழுதினேன், கீழே, சின்னதாக.

அன்று இரவு நாற்பத்தேழாம் தட்டில்
அதே சாம்பல் உறைகள்,
ஆல்டெனாவுக்கு, வெர்டோலுக்கு, ஹெமருக்கு.
யார் யாரோ.
எல்லாருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.
ஒன்று மூலை மடிந்து பட்டையில் சிக்கியது.
பட்டையை நிறுத்தாமல்
விரலால் நிமிர்த்தி அனுப்பினேன்.