யார் என்னும் புலம்

தாலின். கோப்லி டிராம் கடைசி நிறுத்தத்தில்
கிறீச்சிட்டுத் திரும்புவது கேட்கும் மூன்றாம் மாடி.
லேலோ ஒரு கிளாஸ் எழுதுகிறாள்.
பெயர்: டிப்ளாய்மென்ட்.

பதிப்பு, 4.11.2.
வட்டாரம், வடக்கு-ஒன்று
(கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு கொட்டகை,
அவள் பார்த்ததில்லை).
பிரதிகள் ஆறு.
தொடங்கிய நேரம் கட்டாயம்;
முடிந்த நேரம் இருந்தால் இருக்கட்டும்.

சோதனை நான்காம் முறையும் விழுகிறது.
கிளவுடிலிருந்து வந்த பதிலில்
'யார்' என்ற இடத்தில் ஒன்றுமில்லை.

ஏற்றியவன் தாவெத்.
போன வெள்ளி ரீகாவுக்கு வேலை மாறிப் போனான்,
நாற்காலிக் குஷனையும் தூக்கிக்கொண்டு.
திங்கள் காலை அவன் கணக்கை அழித்தார்கள்.

அவன் ஏற்றியதோ ஓடுகிறது,
ஆறு பிரதிகளும் பச்சை விளக்கோடு,
இந்த நள்ளிரவிலும் யாருக்கோ
கப்பல் டிக்கெட் விற்றபடி.

"அநாமதேயம்னு நிரப்பிடேன்" என்கிறான் உர்மாஸ்.
"எனக்கு நாலு யூரோ தர வேண்டியவன்,
அநாமதேயமா?"

'யார்' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைக்கிறாள்.
யார்?
கம்பைலருக்கு அது போதும்.

குறிப்பில் மட்டும் இரண்டு தடவை எழுதி அழித்து,
'ஏற்றியவர் இல்லாமலும் இருக்கலாம்' என்று விட்டுவிட்டு
ஒரு கை கோட்டுக்குள் நுழையாமலே
கடைசி டிராமுக்கு ஓடுகிறாள்.