கேன் இல்லாமல்

டானிங்டன் முக்கில், வர்க்கி சுடும் அடுப்புக்கு மேல்மாடியில்
வகுப்பு. ஆறிலிருந்து ஏழரை.
கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு என்பதால்
இலக்கணம் எப்போதும் கொஞ்சம் ஓட்டமாகவே நடக்கும்.

அன்றைக்கு அஃபோர்ட்.
இந்த வினைச்சொல் தனியாக வெளியே வராது,
முன்னால் கேன் வரணும், இல்லை கான்ட்
என்றாள் ஜெனிட்டா மிஸ்.
பனியில் டார்ச் இல்லாமல் இறங்காத ஆள், என்று
நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தமிழில் என்ன மிஸ்?
ஆளுக்கொன்று சொன்னோம். வசதிப்படும். வாங்க முடியும்.
தாங்கும், என்றார் காய்கறி லாரி சலீம்பாய்.
கட்டுப்படி ஆகும், என்ற போஜண்ணன்
உடனே, ஆகாது, என்று திருத்திக்கொண்டார்.
கிலோ பதினாலுக்குப் பச்சைத் தேயிலை போடுகிறவருக்கு
அந்தச் சொல் எதிர்மறையில்தான் பழக்கம்.

நான் காட்டேஜில் பெருக்குகிறவள், போனும் எடுக்கிறவள்.
எனக்கு அது முன்பே தெரியும், வேறு வாயில்.
ஓர் இரவுக்கு எட்டாயிரம் கொடுத்தவர்
கோடநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னார்:
வி கான்ட் அஃபோர்ட் டு மிஸ் த சன்ரைஸ்.
தினமும் வருவது. சும்மா வருவது.
அதற்கு எப்படிக் காசு பற்றாமல் போகும் என்று
படுக்கை விரிப்பை உதறியபடி யோசித்தேன்.
மிஸ்ஸிடம் கேட்டேன். அங்கே காசு இல்லை,
இழந்தால் தாங்காது என்று அர்த்தம், என்றாள்.
சலீம்பாய் முதலிலேயே சொன்னதுதான்.

வீட்டுப்பாடம், ஐந்து வாக்கியம்.
என்னுடையதில் நாலு கான்ட்.
கேன் போட்டு எழுத வந்தது ஒன்றுதான்: வர்க்கி.

போஜண்ணன் ஒரே வரி எழுதியிருந்தார்.
ஐ அஃபோர்ட் மை டாட்டர்.
முன்னால் எதுவும் இல்லை.
மகள் கோவையில் நர்சிங், மூன்றாம் வருஷம்.
மிஸ் சிவப்புப் பேனாவில் சின்னக் கூரை போட்டு
கேன் என்று செருகினாள்.
அவர் குனிந்து பார்த்தார்.
முடியுமான்னு என்னை யாரும் கேக்கலையே மிஸ்,
கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்.

கீழிருந்து டால்டா வாசனை ஏறியது.
மிஸ் பேனாவை மூடவில்லை.
பரீட்சையில தப்பு, என்றாள் கடைசியில்,
பரீட்சையில மட்டும்.

மறுநாள் காட்டேஜுக்கு ஒரு போன்.
வாடகையில் ஐந்நூறு குறையுமா?
முதலாளி சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்னேன்:
வி கான்ட் அஃபோர்ட் இட், சார்.
வைத்த பிறகுதான் கவனித்தேன்,
அந்த வி-க்குள்
துடைப்பத்தோடு நானும் நின்றிருந்தேன்.