முன்சீட்டில் வினைச்சொல்

செவ்வாய் மாலை. மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக், சார்ஜென்ட் அவென்யூ, தேவாலய நிலவறை.
ஐந்து பேர், ஒரு ஹீட்டர், ஒரு வெள்ளைப் பலகை.
மாரிசெலுக்குப் பகலில் பல் கிளினிக்கில் வேலை.
வாயை இன்னும் திறங்கள் என்று
எங்களிடமும் அதையே சொல்கிறாள்.

பலகையில் எழுதினாள்:
மகண்டா ஆங் பாஹாய்.
அழகு, வீடு.

"'இஸ்' எங்கே?" என்றாள் காலீன்,
ஒற்றைக் கையுறையைத் தொலைத்தவள் குரலில்.
"இல்லை."
"இல்லையென்றால்?"
"இல்லவே இல்லை."
வால்டர் பென்னர் தன் நோட்டில்
அது வரவேண்டிய இடத்தில் கட்டம் வரைந்து
காலியாக விட்டுவைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.
எனக்குச் சிரிப்பு.
வீடு அழகு. நான் டிரைவர். இன்று செவ்வாய்.
ஐம்பத்திரண்டு வருஷமாய் 'இஸ்' இல்லாமல்தானே
வீட்டுக்குள் நடமாடுகிறேன்.

அடுத்த வாரம் என் முறை.
வினை முதலில் வருமாம்.
என் மொழியில் வினை கடைசிப் பயணி.
எல்லாரும் ஏறி, இடம் பிடித்து, பையை மடியில் வைத்த பிறகு
ஓடிவந்து படியில் தொற்றும்.
அது ஏறாமல் வண்டியை எடுக்க முடியாது.
இங்கேயோ அதுதான் முன்சீட்டில், பெல்ட் போட்டு,
மற்றவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது.
சாப்பிட்டது, பிள்ளை, மீன்.
என் வாய் ரிவர்ஸில் போனது
கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து.

பிறகு அந்த 'ஆங்'.
குமாயின் ஆங் பாத்தா நாங் இஸ்டா.
கினாயின் நாங் பாத்தா ஆங் இஸ்டா.
அதே பிள்ளை. மீன்தான் வேறு.
முன்னதில் பேச்சு பிள்ளையைப் பற்றி; மீன் ஏதோ ஒரு மீன்.
பின்னதில், காலையிலிருந்து எல்லாரும் தேடும் அந்த மீன்.
'ஆங்' யார் தோளில் கைவைக்கிறதோ
அவர் பக்கம் வினை உடம்பைத் திருப்பிக்கொள்கிறது.
"இவ்வளவு பாடு எதற்கு?" என்றார் வால்டர்.
"யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டாமா?"
"எங்கள் வீட்டில் அது தெரியாமலே
முப்பது வருஷம் பேசினோம்."
யாரும் சிரிக்கவில்லை. ஹீட்டர் ஒருமுறை இருமியது.

மார்ச்சில் வந்தன 'காமி', 'தாயோ'.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'.
அதை நம்பி, போன ஞாயிறு மாமியார் வீட்டு மேசையில்
"ககாயின் நா காமி" என்று அறிவித்து
பதினாறு பேரைப் பட்டினி போட்டிருந்தாள் காலீன்.
"தாயோ! தாயோ!" என்று மாமனார்
கரண்டியால் தட்டைத் தட்டினாராம்.
மாரிசெல் பலகையில் ஒரு வட்டம் போட்டாள்.
கேட்பவர் உள்ளே. கேட்பவர் வெளியே.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
நாம், நாங்கள்:
இந்த வேலி பல் முளைக்கும் முன்பே தெரியும் எனக்கு.

டிப்போ ஓய்வறை, இரவு பன்னிரண்டே முக்கால்.
ரோமெல், டான்டே, மெக்கானிக் ஜொசெலின்.
இவர்கள் சிரிப்பைப் பதினெட்டு வருஷமாய்க் கேட்டபடி,
என்னைப் பற்றியோ என்று டீ ஆற்றியிருக்கிறேன்.
வகுப்பில் சேர்ந்தது அதற்குத்தான்.
மாரிசெலிடம் சொன்ன காரணம் வேறு.

அன்று புரிந்தது.
பேச்சு ஒரு ஃப்ரிட்ஜைப் பற்றி.
தவணை முடியுமுன் உயிரை விட்ட ஃப்ரிட்ஜ்.
'ஆங்' அதன் தோளில்தான் இருந்தது.
நான் எந்த வாக்கியத்திலும் இல்லை.
நிம்மதியா, ஏமாற்றமா
என்று பார்ப்பதற்குள்
ஜாக்கெட் ஜிப்பை இழுத்து எழுந்தாள் ஜொசெலின்:
"உ-உவி நா காமி."

தாயோ இல்லை. காமி.
இலக்கணம் சுத்தம்.
அவர்கள் மூவரும் ஒரே காரில் கீவாட்டின் தெருவுக்கு.
நான் எதிர்த்திசை.

"இங்காத்" என்றேன்.
பத்திரம் என்று பொருள்.
முன்சீட்டில் அது ஒன்றுதான், பின்னால் யாருமில்லை.

திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள் ஜொசெலின்.
குளிர் உள்ளே கொட்டியது.
மூவரும் என்னைப் பார்க்கவில்லை,
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
பதினெட்டு வருஷமாய் என் எதிரில்
என்னென்ன பேசினோம் என்று
பின்னோக்கி எண்ணுவது
முகத்திலேயே தெரிந்தது.